ஓம் என்று பழகிய வாய்

அவரை நாங்கள் ஓமண்ணை என்றுதான் கூப்பிட்டோம். தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது மட்டும்தான் அது வெளியில் வரும். எங்கள் அம்மன் கோயில் ஐயருக்கே சில நாள் அது மறந்துபோய், "ஓமண்ணை, உங்கட நட்சத்திரம் என்ன?" என்று கேட்பார். "ஓம், பூராடம்" என்பார். நட்சத்திரத்துக்கு முன்னாலும் ஒரு ஓம் வேண்டும் அவருக்கு.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோருக்கும் ஆம் என்பது ஓம்தான். ஆனால் எங்கள் ஓமில் பல ரகம் இருக்கிறது. "ஓம், பாப்பம்" என்றால் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். "ஓமோம்" என்று சேர்த்துச் சொன்னால் கதையை நிற்பாட்டு என்று அர்த்தம். "ஓ...ம்" என்று இழுத்தால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. அவருடைய ஓமில் இந்த ரகமெல்லாம் கிடையாது. அது ஒரே ஓம். கேட்டவர் நம்பி வீட்டுக்குப் போகலாம்.

டென்மார்க்கில், பிராண்டே என்கிற சின்ன ஊரில், அவர் எங்களுக்குப் பின்தெருவில் இருந்தார். கரண்ட் எடுக்கிற காற்றாடிக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் என் கணவரோடு வேலை செய்தவர். என் கணவரை விடப் பதினைந்து வயது மூப்பு. உயரமான ஆள், கொஞ்சம் கூனல். யாராவது பேசும்போது காதைக் கீழே கொண்டுவந்து கேட்பார். கேட்டு முடியும் முன்னமே ஓம் வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ஊரில் இரண்டு விசேஷம். ஒரு வீட்டில் பிறந்தநாள், மற்ற வீட்டில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. இரண்டு வீட்டாரும் கோயிலில் இருக்கிற பெரிய அண்டாவை ஏற்றிவந்து தரும்படி அவரிடம் கேட்டிருக்கிறார்கள். கோயிலில் இருப்பது ஒரே ஒரு அண்டா. இரண்டு பேருக்கும் ஓம். அன்றைக்குக் காலையில் பிறந்தநாள் வீட்டில் அண்டாவை இறக்கி, சோறு வெந்ததும் அதைக் குளிர்பானப் பெட்டி, பிள்ளை குளிக்கும் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் கொட்டவைத்து, கைபட முடியாத சூட்டோடு அண்டாவை மற்ற வீட்டுக்குக் கொண்டு ஓடினார். அங்கே பந்தி பிந்திவிட்டது. வீட்டுக்காரி சீறினா.

"ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் வேற ஒழுங்கு பண்ணியிருப்பன்தானே அண்ணை!"

"ஓம்" என்றார் அவர்.

நான் ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். "ஏன் அண்ணை, ஒருக்கா எண்டாலும் ஏலாது எண்டு சொன்னா வாயில இருக்கிற முத்தே உதிர்ந்திடும்?"

அவர் வெட்கப்பட்டார். "அப்பிடிச் சொன்னாத் தங்கச்சி, அதுக்குப் பிறகு காரணம் சொல்ல வேணும். எனக்குக் காரணம் சொல்ல வராது. ஓம் எண்டா அதோட கதை முடிஞ்சுது."

இதனால் அவருடைய மனைவிக்குத்தான் பெரிய வில்லங்கம். வீட்டில் சமைத்தது ஆறிப்போகும், மனுசன் எவரையோ விமான நிலையத்தில் இறக்கப் போயிருப்பார். அந்த அக்கா எங்கள் முன்னாலேயே சொல்வா: "உந்த மனுசனிட்ட ஒருநாளைக்கு யமன் வந்து 'வாறியோ' எண்டு கேக்கப் போறான். ஓம் எண்டு சொல்லிப்போட்டு உவர் செருப்பைத் தேடுவார், இருந்து பாருங்கோ." எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

டெனிஷ்காரரோடு அவருடைய ஓம் படுகிற பாடு வேறு. அவர்கள் மொழியிலும் 'ஒம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு 'அதைப் பற்றி' என்றும் அர்த்தம், 'அப்படியென்றால்' என்றும் அர்த்தம். அவர் டெனிஷ் நன்றாக விளங்கிக்கொள்வார். வாய் மட்டும் தமிழில் முந்திவிடும். ஃபோர்மன் வந்து "நாளைக்கு மேலதிகமாக நிற்பாயா" என்று கேட்டால் ஓம் என்பார். ஃபோர்மன் மீதிக் கதை வரும் என்று காத்து நின்றுவிட்டு, "ஒம் வா?" என்று கேட்பான். எதைப் பற்றி என்று அர்த்தம். எங்கள் காதுக்கு அது ஓம், வா என்று கூப்பிடுகிற மாதிரிக் கேட்கும். "பாத்தியோ, என்னை மட்டும் எவ்வளவு அன்பாக் கூப்பிடுறான்" என்று அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல, எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரிப்பார்களாம்.

பகிடியாகவே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். வீட்டிலேயே ஒவ்வொரு இரவும் அதை ஒரு மெஷினில் பூட்ட வேண்டும். மெஷின் பையிலிருக்கும் தண்ணீரை வயிற்றுக்குள் ஏற்றி, ஊறவைத்து, அழுக்கோடு இறக்கும். இதைப் பழக்குவதற்காகப் பலநாள் ஹேர்னிங் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கொண்டுபோய்க் கூட்டிவந்தது ஓமண்ணை. வெளியில் நில்லுங்கள் என்று யாரும் சொல்லாதபடியால் அவரும் உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்து கேட்பார். தாதி, "பூனை, புழுதி, பூஞ்சணம் மூன்றும் கிட்ட வரக்கூடாது. கிருமி குழாய் வழியாக உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. விளங்கியதா?" என்று கேட்டா. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம். ஓமண்ணை மட்டும் ஓம் என்றார். "ஒம் வா?" என்று கேட்டுவிட்டு, அவருக்கு எதுவோ விளங்கவில்லை என்று நினைத்து, அந்தப் பிள்ளை பூஞ்சணத்தைப் பற்றித் திரும்பவும் முதலிலிருந்து சொன்னா. ஈரப் பலகை, ஒழுகுகிற கூரை, மூடிவைத்த அறை எல்லாம் சொன்னா. அவர் திரும்பவும் ஓம் என்றார். அவ திரும்பவும் சொன்னா. நானும் என் கணவரும் நிலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தோம்.

அந்த வருஷம் வைகாசியில் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. என் கணவருடைய அக்காவுக்கு, எனக்கு மச்சாள், புற்றுநோய் ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஸ்டுட்கார்ட் பக்கம் மகளோடு இருந்தா. கோடை முடியும்வரை இருந்தால் பெரிய காரியம் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். என் கணவருடைய தாய் அவர் பால் குடிக்கிற வயதில் கண்ணை மூடினவ. மச்சாள்தான் தூக்கி வளர்த்தவ. கலியாணமாகி வந்த புதிதில் எனக்கே அது பொறாமையாக இருக்கும். அக்கா வைத்த சொதி, அக்கா கட்டிவிட்ட வேட்டி என்று எதற்கும் அக்காதான்.

போய்ப் பார்க்க வேண்டும். எப்படிப் போவது? மச்சாளுடைய வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை, வீடு நிறையப் பூனை. ஹோட்டலில் ஒரு கிழமை நின்றாலே எங்களிடம் இருந்தது கரைந்துவிடும். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருகிற விஷயமும் இல்லை. கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. என் மகள் ஓர்ஹூஸில் படிக்கிறாள். அவள்தான் ஃபோனில் சொன்னாள், ஒரு பழைய கேம்பர் வான் வாங்குங்கோ அம்மா என்று. படுக்கை இருக்கும், கைகழுவத் தண்ணீர் இருக்கும், முகாமிடும் இடத்தில் மெஷினுக்குக் கரண்ட் எடுக்கலாம், அலுவல் முடிந்ததும் திரும்ப விற்கலாம். முதியோர் இல்லத்தில் சமையலறை வேலை செய்கிற எனக்கு அதுவரை கேம்பர் வான் என்றால் கோடையில் ரோட்டை மறித்துக்கொண்டு மெதுவாகப் போகிற ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான்.

"அண்ணை, வான் பாக்கக் கூட வருவியளோ?"

"ஓம்."

ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஒவ்வொரு ஊர். எங்கள் காசுக்கு வருகிற வான் எல்லாம் என் மகளின் வயதை விட மூத்தவை. ஒன்றில் பிரேக் இல்லை. ஒன்றின் அடித்தகட்டைத் தொட்டால் கறள் கையோடு உதிர்ந்தது. ஒன்று நல்லதாக இருந்தது, நாங்கள் போய்ச் சேர வேறொரு குடும்பம் அதற்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. கோடை தொடங்கிவிட்டபடியால் நல்லது எதுவும் ஒரு பகல் தங்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கணவர் யன்னலடியில் நிற்பார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவார்.

மச்சாளின் மகள், எங்களுக்கு மருமகள், ஃபோன் எடுப்பாள். முதலில் மச்சாள் தானே கதைத்தா. பிறகு மருமகள் அவவின் காதில் ஃபோனை வைத்தாள். பிறகு, "மாமா, அம்மா நித்திரை. எப்ப வாறியள்?" என்று மட்டும் கேட்டாள். நான் அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தேன். பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தேன். தாயே, ஒரு வான். வேறொன்றும் கேட்கவில்லை, ஒரு வான்.

கடைசியாக ஒரு பன்றிப் பண்ணையில் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கு என் கணவரும் வந்தார். வயலுக்கு நடுவே பண்ணைக்காரர் தொப்பியோடு நின்றார், நல்ல முகமுள்ள வயதான மனிதர். வானைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு நீலக் கோடு. இஞ்சின் ஒரு திருப்பில் பிடித்தது. உள்ளே ஒரு குட்டி அடுப்பு, குட்டி அலுமாரி, பின்னுக்குப் படுக்கை. என் கணவர் ஏறிப்போய் அந்தப் படுக்கையில் இருந்து, மெஷினை எங்கே வைக்கலாம் என்று கையால் அளந்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம். என் பைக்குள் தேசிக்காயும் கற்பூரமும் இருந்தன. டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். மனதால் நான் வாங்கி முடித்துவிட்டேன்.

பண்ணைக்காரர் விலை சொன்னார். எங்களிடம் இருந்ததை விடக் கொஞ்சம் கூட.

"ஓம்" என்றார் ஓமண்ணை, திறந்த கதவால் தலையை நிமிர்த்தி வானுக்குள்ளே கூரையைப் பார்த்தபடி.

"ஒம் வா?" என்றார் பண்ணைக்காரர்.

ஓமண்ணை கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம்" என்றார் திரும்பவும்.

பண்ணைக்காரரும் கூரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஓ, கூரைச் சன்னலைப் பற்றிக் கேட்கிறீர்களா, அது கொஞ்சக் காலம் ஒழுகினதுதான், போன மாரிக்கு முந்தி நானே பசை பூசி அடைத்துவிட்டேன், சரி, அதற்காக விலையில் குறைக்கிறேன் என்றார். குறைத்த விலை எங்கள் கைக்குள் வந்துவிட்டது. நான் "அம்மாளாச்சி" என்று நெஞ்சில் கைவைத்தேன். எனக்குக் கேட்டது விலை மட்டும்தான்.

ஓமண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு வானுக்குள் ஏறினார். கோயிலுக்குள் போகிற மாதிரிக் குனிந்து படுக்கைக்குப் போய், தலையணை வைக்கிற மூலையில் சுவர்ப் பலகையைத் தடவிக்கொண்டு நின்றார். இறங்கி வந்தார். பண்ணைக்காரர் கையை நீட்டி, "அப்ப முடித்துக்கொள்ளுவோமா?" என்று கேட்டார்.

ஓமண்ணையின் வாய் திறந்து மூடியது. பிறகு டெனிஷில் "நை" என்றார். என் பக்கம் திரும்பி, "இல்லைத் தங்கச்சி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. காது பிழையாகக் கேட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்ன அண்ணை இல்லை?"

"உது வேண்டாம். இல்லை."

"விலை குறைச்சுப் போட்டாரே! இதை விட்டா இனி எங்க அண்ணை?"

அவர் காரணம் சொல்லப் பார்த்தார். வரவில்லை. "பலகை..." என்றார். "தாதிப் பிள்ளை சொன்னவ..." என்றார். வியர்த்துப் போனார். சிறுபிள்ளை வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பண்ணைக்காரர் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் ஓம். நாய் பூனைக்கும் ஓம். எனக்கு மட்டும் இல்லையோ?"

என் கணவர் வானுக்குள்ளிருந்து இறங்கி வந்தார். ஓமண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, எனக்கு எல்லாம் தெரியும். அதில இருந்து எழும்பேக்க பூஞ்சணம் மணந்ததுதான். பரவாயில்லை. அக்காவைப் பாத்திட்டு நான் செத்தாலும் எனக்குக் காணும். நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ, இவ வாங்குவா."

நான் ஓமண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடுவார், அந்த வாயால் இதற்கு மேல் தாங்க முடியாது என்று நினைத்தேன். அவருடைய கண்ணில் தண்ணீர் வந்தது.

"இல்லை" என்றார்.

பிறகு என்னிடம், "வந்து கை வைச்சுப் பார்" என்றார். என்னைக் கூட்டிப்போய் அந்த மூலையைக் காட்டினார். மேலே துணி ஒட்டி அழகாக இருந்தது. நான் விரலால் அழுத்தினேன். விரல் தண்ணீரில் ஊறின பாணுக்குள் போகிற மாதிரி உள்ளே போனது. கிழிந்த துணிக்குப் பின்னால் ஒரே கறுப்பு, பஞ்சு மாதிரி வளர்ந்திருந்தது. அந்த மணம் ஏறினபோதே எனக்கும் வந்ததுதான். பழைய வான் அப்படித்தான் மணக்கும் என்று மனதுக்குச் சொல்லிவைத்திருந்தேன். பண்ணைக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு உண்மையாகவே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீடு வரும்வரை காரில் தேசிக்காய்கள் பைக்குள் உருண்டுகொண்டு வந்தன. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இறங்கும்போது போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கினேன்.

அடுத்த நாள் மருமகள் வீடியோவில் வந்தாள். மச்சாளுடைய முகம் கன்னமெல்லாம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி இருந்தது. "தம்பி" என்றா. அதற்கு மேல் மூச்சு இல்லை. என் கணவர் ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. பின்னேரம் நான் சாமியறையில் விளக்கு வைத்தேன், ஆனால் கும்பிடவில்லை. அம்மாளாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். என்ர மனுசன் உனக்கு என்ன செய்தவர்? அவருக்குத் தாய் முகம் தெரியாது. தாயாக நின்றவளின் முகத்தையும் ஃபோனில்தான் காட்டுவியோ?

ஓமண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். பேசினதுக்கு மன்னிப்புக் கேட்கவா, வேறு வான் பார்க்கக் கூப்பிடவா, எனக்கே தெரியவில்லை. அவர் எடுக்கவில்லை. முதல் மணியிலேயே ஓம் என்று எடுக்கிற மனிதர் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அவர் மனைவியிடம் கேட்டால், "விடியப் போறார், பொழுதுபட வாறார், பண்டி மணத்தோட வாறார். கேட்டா ஒண்டும் சொல்லுறாரில்லை. உங்களுக்குள்ள என்ன பிரச்சினை?" என்று என்னையே கேட்டா. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிழமைக் கடைசியில் எங்கள் வாசலில் அந்த வான் வந்து நின்றது. அதே நீலக் கோடு. ஓமண்ணை இறங்கிப் பின்கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அடுப்பு இல்லை, அலுமாரி இல்லை, படுக்கை இல்லை, ஒரு துண்டுப் பலகை இல்லை. கழுவித் துடைத்த வெறும் தகரம், புதுக் குசினிச் சட்டி மாதிரி மினுங்கியது. கூரைச் சன்னல் இருந்த இடத்தைத் தகரம் வைத்தே அடைத்திருந்தது. இவரும் பண்ணைக்காரரும் சேர்ந்து நின்று அலவாங்குக் கம்பியால் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

"தகரத்தில பூஞ்சணம் வராது தங்கச்சி" என்றார். அவருடைய கைகள் முழுக்க வெட்டுக் காயம். "மனுசன் வெறும் வானுக்கு உள்ள காசுதான் கேக்கிறார். உனக்குப் பிடிக்காட்டி நான் திருப்பிக் கொண்டுபோய் விடுறன்."

நான் அந்த வாசலிலேயே இருந்து அழுதேன். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் கதவைத் திறந்து திறந்து மூடினார்.

பிறகு எல்லாம் அவசரம். இரும்புக் கட்டில் ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை, கைகழுவக் குழாய் பூட்டின ஒரு தண்ணீர்த் தகரம், மெஷினுக்கு ஒரு மேசை. தண்ணீர்ப் பைப் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கினோம். காய்ந்து சுருங்கிப்போன அதே தேசிக்காய்களை டயருக்கு வைத்தேன். அவை சரியாக நசியவும் இல்லை. நான் மோட்டார்ப் பாதையில் அவ்வளவு தூரம் ஓட்டினதில்லை, என் கணவருக்கு ஏலாது.

"அண்ணை..." என்று தொடங்கினேன்.

"ஓம்" என்றார்.

வழியெல்லாம் மழை. ஹம்பேர்க் தாண்டி இரவுக்கு ஒரு முகாமிடும் இடத்தில் நிற்பாட்டி, என் கணவர் முகக்கவசம் போட்டு, கைகழுவி, குழாயைப் பூட்டும்போது நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் காதைக் கிழித்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஓமண்ணை வெளியே குடை பிடித்துக்கொண்டு, யாரும் கதவைத் திறந்துவிடாமல் காவல் நின்றார்.

நாங்கள் போய்ச் சேர மச்சாள் உயிரோடு இருந்தா. அந்த நாலு மாடியும் ஏறிப் பூனைகளுக்குள் என் கணவர் போகக்கூடாது. அதனால் மருமகளின் மாப்பிள்ளையும் ஓமண்ணையும் ஒரு கதிரையில் மச்சாளை வைத்து, படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். வானுக்குள் என் கணவரின் கட்டிலில் கிடத்தினோம். ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் பெட்டி, நடுவில் ஒரு ஆள் இருக்க மட்டும் இடம். மச்சாள் கண்ணைத் திறந்து தகரக் கூரையைப் பார்த்தா, பிறகு தம்பியைப் பார்த்தா.

"சாப்பிட்டியோ?" என்றா.

"ஓம் அக்கா" என்றார் என் கணவர். அவர் காலையிலிருந்து ஒன்றும் தொடவில்லை.

ஆடி அமாவாசை வரைக்கும் மச்சாள் இருந்தா. வெயில் நாட்களில் அவவை இறக்கிக்கொண்டு வருவார்கள். ஓமண்ணை எங்களை விட்டுவிட்டு ரயிலில் திரும்பிப் போனார். எல்லாம் முடிந்ததும் கூட்டிவரத் திரும்பவும் வந்தார். அதற்கும் ஓம்தான்.

திரும்பி வரும் வழியில், என் கணவர் பின்னால் நித்திரையாக இருக்கும்போது, நான் கேட்டேன். "அண்ணை, அண்டைக்கு உங்கட வாயில அந்தச் சொல்லு எப்பிடி வந்தது?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதைப் போய் ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை தங்கச்சி" என்றார். "எனக்கு இல்லை எண்டும் சொல்ல வருமெண்டு தெரிஞ்சா, பிறகு நான் ஓம் எண்டாலும் சனம் யோசிக்கும்."

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிறகு என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. அம்மன் புண்ணியம், இப்போது நன்றாக இருக்கிறார். வானை விற்கத்தான் நினைத்தோம், விற்கவில்லை. போன மாரியில் ஓமண்ணை யாரோ ஒருவருடைய வாசலில் பனி தள்ளிக்கொண்டு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், அப்படியே போய்விட்டார். தன்னுடைய வாசலில் பனி அப்படியே கிடந்தது.

செத்தவீட்டுக்கு ஹேர்னிங், கோப்பன்ஹேகன் என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்தது. எல்லோரிடமும் அவர் ஓம் என்ற கதை ஒன்று இருந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் போனபிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். அவர் மனைவி குசினி வாசலில் வந்து இருந்தா.

"நான் பகிடிக்குச் சொன்னது பலிச்சுப்போச்சு" என்றா. "யமன் வந்து ஒரு சொல்லுக் கேட்டிருப்பான். உந்த மனுசன் ஓம் எண்டிருக்கும். ஒருக்கா எண்டாலும் இல்லை எண்டு சொல்லத் தெரியாத மனுசன். தெரிஞ்சிருந்தா இருந்திருப்பார்தானே?"

எனக்குத் தாங்க முடியவில்லை. ஈரக் கையோடு அவவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பண்ணையில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பலகையைச் சொன்னேன், பண்ணைக்காரர் நீட்டின கையைச் சொன்னேன், என் மனுசன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினதைச் சொன்னேன். அன்றைக்கு யமன் எங்களிடம்தான் வந்து நின்றான் அக்கா, என்ர மனுசன் வாறன் என்று சொல்லிவிட்டார், இவர்தான் விடவில்லை என்று சொன்னேன்.

அவ சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

"மெய்யே?" என்றா. "இவரோ? தன்ர வாயால இல்லை எண்டு சொன்னவரோ?"

"ஓம் அக்கா" என்றேன்.